தமிழ் வாசிக்கவும் எழுதவும் கற்பிக்க டிஜிட்டல் கருவிகள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் நான். குறுவளமையக் கூட்டங்களில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள்) சக ஆசிரியர்கள் கேட்டதையும், பள்ளி வாசலில் பெற்றோர் கேட்டதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் வகுப்பில் செய்து பார்த்ததிலிருந்து வந்தவை. சில, படித்துத் தெரிந்துகொண்டவை. எந்தக் கருவி வந்தாலும் நான் ஒரு கேள்வியை வைத்துத்தான் அதை அளக்கிறேன்: இது வந்த பிறகு, ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பதை நான் காதால் கேட்கும் நேரம் கூடுகிறதா, குறைகிறதா?

என் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு கிடையாது. என்னிடம் இருப்பது என் போன் ஒன்றுதான், குழந்தைகள் முப்பது பேர். இதை வைத்து என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். போனோடு வரும் குரல் பதிவு வசதியிலிருந்து தொடங்குங்கள். புதிதாக எந்தச் செயலியும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு சிறு பத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். நாளுக்கு மூன்று குழந்தைகள். ஒவ்வொருவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் வாசிப்பார்கள், நான் பதிந்துகொள்வேன். பத்து வேலை நாளில் முப்பது பேரும் முடிந்துவிடும். மாலையில் வீட்டில் சமையல் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த மூன்று நிமிடங்களைக் கேட்டுவிடலாம்.

வகுப்புச் சத்தத்தில் காதில் விழாதது அப்போது விழும். சரளமாக வாசிக்கிறாள் என்று நான் நினைத்திருந்த ஒரு சிறுமி, 'பள்ளிக்கூடத்திற்கு' என்ற சொல்லில் 'பள்ளி'யைப் பார்த்ததும் மீதியை ஊகித்தே சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது பதிவில்தான் தெரிந்தது. எழுத்தே வராது என்று நான் முடிவுகட்டியிருந்த ஒரு பையனுக்கு உண்மையில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தன. 'தேன்' என்பதைத் 'தென்' என்று வாசித்து, பொருள் புரியாமல் அங்கேயே நின்றுவிடுவான். அவனுக்கு முழு அரிச்சுவடியையும் மறுபடி நடத்த வேண்டியிருக்கவில்லை. 'எட்டு, ஏட்டு', 'தெரு, தேர்' என்று இரண்டு வாரம் சொல்லிப் பழகியதில் சரியாகிவிட்டது.

பதிவை அந்தக் குழந்தைக்கே போட்டுக் காட்டுவது அடுத்த படி. தன் குரலைக் கேட்பதில் குழந்தைகளுக்கு இருக்கும் ஆசை சொல்லி முடியாது. புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு தன் குரலையே பின்தொடர்வார்கள். பாதியில் நிறுத்தி, "டீச்சர், இங்க தப்பா சொல்லிட்டேன்" என்பார்கள். நான் பத்து முறை திருத்தினால் கிடைக்காத பலன் அதில் கிடைக்கும்.

ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒரு கதையை உங்கள் குரலில் நிதானமாக வாசித்துப் பதிந்துவிடுங்கள். நீங்கள் மூன்றாம் வகுப்பைக் கவனிக்கும்போது, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் ஐந்தாறு பேர் சின்ன ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்து, அச்சுப் புத்தகத்தில் விரலோட்டியபடி கேட்கட்டும். தெரிந்த குரல் என்பதால் ஒட்டிக்கொள்வார்கள்.

எழுத்து அறிமுகக் காணொலிகளைத் திரையில் போட்டால் எழுத்து பிடிபட்டுவிடுமா?

காணொலி மட்டும் போட்டால் பிடிபடாது. பாட்டு மனப்பாடமாகும். 'அ அம்மா, ஆ ஆடு' என்று திரையோடு சேர்ந்து அழகாகப் பாடும் குழந்தையிடம் 'ஆடு' என்று எழுதிக் காட்டினால் தெரியாமல் விழிக்கும். படத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

ஆனால் கரும்பலகையால் காட்ட முடியாத ஒன்றைத் திரை காட்டும். இது நம் எழுத்துமுறையோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

216 உயிர்மெய்களில் சரிபாதி, அதாவது 108 எழுத்துகள், இடப்பக்கம் ஒரு கொம்போடு தொடங்குபவை. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்களும் பதினெட்டு மெய்களோடு சேரும் வரிசைகள் அவை. 'கொ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது 'க்'. எழுதும்போது கை முதலில் போடுவதோ கொம்பு. காதுக்கு ஒரு வரிசை, கைக்கு வேறொரு வரிசை. ஆறு வயதுக் குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பு. கொம்பைப் பார்த்ததும் 'எ' என்று தொடங்கி, 'கொடி'யை 'எகாடி' என்று வாசிக்கும் குழந்தையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது கவனக்குறைவு இல்லை. இடமிருந்து வலமாக வாசி என்று நாம் சொன்னதை அது அப்படியே செய்கிறது.

கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கப் பின்பற்றும் பொதுத் தரமான யூனிகோடு, இந்த எழுத்துகளை ஒலி வரிசையில்தான் சேமிக்கிறது: முதலில் க, பிறகு ஒகரக் குறி. எனவே திரையில் பெரிய எழுத்தளவு வைத்து, குழந்தைகள் பார்க்கப் பார்க்கத் தட்டச்சு செய்யுங்கள். 'க' வரும். அடுத்து ஒகரத்தைத் தட்டினால், அந்த 'க' நகர்ந்து முன்னே கொம்பும் பின்னே துணைக்காலும் முளைக்கும். அழிப்பு விசையைத் தட்டினால் இரண்டும் ஒன்றாக மறைந்து 'க' மட்டும் நிற்கும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலியின் இரண்டு கைகள் என்பதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு நிமிடக் காட்சி அளவுக்கு எதுவும் விளக்கியதில்லை. "இன்னொரு தடவை, டீச்சர்" என்று கேட்பார்கள். தட்டச்சு முடிந்ததும் சிலேட்டில் அதே எழுத்தைக் கை வரிசையில் எழுத வேண்டும். இரண்டும் ஒரே பாடவேளையில் நடக்கட்டும்.

எழுத்தைத் தொட்டால் ஒலிக்கும் செயலிகளில் ஒரு எச்சரிக்கை. தமிழில் 'க' ஒரே ஒலி அல்ல. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பொத்தானைத் தொட்டு 'க' என்ற ஒரே ஒலியைக் கேட்டுப் பழகிய குழந்தை 'பகல்' என்பதைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும். தனி எழுத்து ஒலியோடு நிறுத்தாமல், அந்த எழுத்து வரும் மூன்று நான்கு சொற்களையும் ஒலிக்கச் செய்யும் செயலியைத் தேர்ந்தெடுங்கள்.

டேப்லெட்டில் விரலால் எழுதிப் பழகினால் போதாதா? நோட்டும் பென்சிலும் வேண்டுமா?

வேண்டும். விரலால் வழித்துக் காட்டுவது வடிவத்தை அறிமுகப்படுத்தும். பிடி, அழுத்தம், வளைவில் கையை நிறுத்தித் திருப்புவது எல்லாம் எழுதுகோலில்தான் வரும். 'ஞ', 'ஐ', 'ணு' போன்றவற்றை எழுதக் கைக்கு வலு வேண்டும்.

நார்வேயில் நடந்த ஓர் ஆய்வை இதற்குச் சான்றாக நிறையப் பேர் காட்டுகிறார்கள். 2024 ஜனவரியில் வெளியானது. 36 மாணவர்களின் தலையில் 256 உணரிகளைப் பொருத்தி, கையால் எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மூளையில் நடப்பதைப் பதிந்தார்கள். கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு கூடுதலாக இருந்தது. இதைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகள் அல்லர். அவர்கள் எழுதியதும் தாளில் அல்ல, தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால். ஆகவே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது தாள் உயர்ந்தது, திரை தாழ்ந்தது என்பதை அல்ல. எழுத்தின் வடிவத்தைக் கை தானே வரைய வேண்டும் என்பதை மட்டுமே. டேப்லெட்டோடு பேனா இருந்தால் அதுவும் எழுத்துதான். எங்கள் பள்ளிகளுக்கு மலிவாகக் கிடைப்பது சிலேட்டும் மணலும், பிறகு இரட்டைக்கோடு நோட்டும்.

குழந்தை வாசிப்பதைக் கேட்டு நட்சத்திரம் கொடுக்கும் செயலிகளை நம்பலாமா?

பயிற்சிக்கு நம்பலாம். மதிப்பீட்டுக்கு நம்பாதீர்கள்.

கூகுள் 2019இல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் தொடங்கிய செயலி, 2020இல் 'ரீட் அலாங்' ஆகித் தமிழுக்கும் வந்தது. அதே மாதிரி வேறு செயலிகளும் வந்திருக்கின்றன. திரையில் உள்ள வரி என்ன என்பது செயலிக்குத் தெரியும். குழந்தையின் குரல் அதற்கு ஓரளவு ஒத்துப்போகிறதா என்றுதான் அது பார்க்கிறது. அதனால் 'பள்ளம்' என்பதைப் 'பல்லம்' என்று வாசித்தாலும் பல நேரம் தாண்டிவிடும். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தால், சரியாக வாசித்த குழந்தையைத் தவறு என்றும் சொல்லிவிடும்.

இதைவிட முக்கியமானது வட்டார வழக்கு. 'வாழைப்பழம்' சென்னையில் ஒரு குழந்தையின் வாயில் 'வாயப்பயம்' ஆகும், தெற்கே 'வாளப்பளம்' ஆகும். அந்தக் குழந்தை எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டு, பொருளையும் புரிந்துகொண்டுதான் தன் வீட்டு ஒலிப்பில் சொல்கிறது. அது வாசிப்புப் பிழை அல்ல. ழகர ஒலிப்பைப் பிறகு பொறுமையாகப் பழக்கலாம். வாசிக்கத் தெரிந்த குழந்தையைத் 'தவறு' என்று ஒரு கருவி திரும்பத் திரும்பச் சொன்னால், அது தன் அம்மாவின் பேச்சையே தவறு என்று நினைத்துக்கொள்ளும். எழுத்துத் தெரியாததையும் ஒலிப்பு வேறுபடுவதையும் பிரித்தறிய ஆசிரியரின் காதுதான் வேண்டும்.

இருந்தாலும் இந்தச் செயலிகளை நான் ஒதுக்கவில்லை. எல்லார் முன்னாலும் வாயைத் திறக்காத குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மூலையில் உட்கார்ந்து போனிடம் வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறார்கள். அதே வரியை இருபது தடவை கேட்டாலும் போன் முகம் சுளிப்பதில்லை. எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு, நாளுக்குப் பத்து நிமிடம் நல்ல பயிற்சி. எழுத்தே தெரியாத குழந்தைக்கு இதனால் பயன் இல்லை.

நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்க வேண்டும் என்கிறார்களே, தமிழுக்கு அது சரியா?

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் இயக்கத்தில், மூன்றாம் வகுப்பு முடிவில் பொருள் புரிந்து நிமிடத்துக்கு 60 சொல் என்ற இலக்கு இருக்கிறது. தமிழில் 'ஓடிக்கொண்டிருந்தான்' ஒரே சொல், பத்து எழுத்து. பல மொழிகளில் இதைச் சொல்ல மூன்று சின்னச் சொற்கள் ஆகும். ஆகவே சொல் எண்ணிக்கையை மொழிகளுக்கிடையே ஒப்பிடுவது பொருந்தாது. 2022இல் ஒன்றிய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்சிஇஆர்டி மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் 20 மொழிகளில் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அளவுகோல் வைத்தார்கள். அதுதான் முறை. நீங்கள் போனில் நேரம் பார்ப்பதாக இருந்தால், ஒரு குழந்தையின் ஜூன் பதிவை அதே குழந்தையின் டிசம்பர் பதிவோடு ஒப்பிடுங்கள். பக்கத்துக் குழந்தையோடு வேண்டாம்.

குரல்வழித் தட்டச்சு வந்துவிட்டது. குழந்தை சொன்னால் போன் எழுதிவிடுகிறது. இனி எழுதக் கற்க மாட்டார்களே?

எழுத வைப்பதற்கே நான் அதைப் பயன்படுத்துகிறேன். திங்கட்கிழமை காலை ஒரு குழந்தை தன் வீட்டுச் சேதி ஒன்றைச் சொல்லும். ஒருநாள் ஒரு சிறுமி சொன்னது இது: "எங்க ஆடு நேத்து குட்டி போட்டுச்சு. ரெண்டு குட்டி. ஒண்ணு கருப்பு. அது எந்திரிக்கவே மாட்டேங்குது." போன் அதைப் பாதி பேச்சுத்தமிழிலும் பாதி எழுத்துத்தமிழிலும் எழுதியது. அவள் சொன்னபடியே திருத்தி, பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதி ஒட்டினேன். பாடநூலில் ஒரு வரி வாசிக்கத் திணறியவள், அந்த நான்கு வரியையும் நிற்காமல் வாசித்தாள். அவளுடைய சொற்கள், அவளுடைய ஆடு.

மறுநாள் அதையே எல்லாரும் சேர்ந்து புத்தகத் தமிழுக்கு மாற்றினோம். 'நேத்து' நேற்று ஆனது, 'போட்டுச்சு' போட்டது ஆனது, 'ரெண்டு' இரண்டு, 'ஒண்ணு' ஒன்று. 'எந்திரிக்க' என்பதற்கு 'எழுந்திருக்க' என்று கண்டுபிடித்த பையன் அன்று முழுக்கப் பெருமையாக இருந்தான். தமிழ்க் குழந்தைக்கு வாசிப்பு கடினமாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், வீட்டில் பேசும் தமிழும் புத்தகத்தில் உள்ள தமிழும் வேறாக இருப்பது. 'போறேன்' என்று பேசும் குழந்தை 'போகிறேன்' என்பதை வாசிக்கும்போது, எழுத்தோடு சேர்த்து ஒரு புதுச் சொல் வடிவத்தையும் கற்கிறது. அந்த இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காட்ட, இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தைகள் அதைத் தங்கள் நோட்டில் கையால் எழுதினார்கள்.

எந்த விசைப்பலகையில் தட்டச்சு கற்றுக்கொடுப்பது? ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் தமிழில் வந்துவிடுகிறதே?

தமிழ்99. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

ஆங்கில எழுத்துவழித் தட்டச்சு, ஆங்கிலம் தெரிந்த பெரியவர்களுக்கு வசதி. தமிழ் எழுத்தையே இப்போதுதான் கற்கும் குழந்தையிடம் அதைக் கொடுத்தால், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் ரோமன் எழுத்தில் நினைத்துப் பிறகு தமிழுக்கு வரும். ல, ள, ழ மூன்றையும் எப்படி அடிப்பது, ன, ண, ந மூன்றையும் எப்படி அடிப்பது என்று தனி மனப்பாடம் வேறு. பரிந்துரைப் பட்டியலில் முதலில் வருவதைத் தொட்டுவிட்டுப் போகும் பழக்கமும் வரும். மயங்கொலிப் பிழைகள் அங்கேதான் பெருகும்.

தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். ஆக 31 விசையில் 247 எழுத்தும் முடிந்துவிடும். இலக்கணம் சொல்லும் முதலெழுத்து முப்பதும் விசைப்பலகையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. க தட்டி இ தட்டினால் கி. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று பாடத்தில் சொன்னதை விரல் செய்து பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்: 'க்க', 'ப்ப', 'ம்ம'. ந தட்டி த தட்டினால் 'ந்த'. ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாம் அப்படியே. எந்த வல்லினத்தோடு எந்த மெல்லினம் சேரும் என்ற இன எழுத்துப் பாடம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் கணினி இருந்தால், வாரம் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்குங்கள். ஐபோனில் தமிழ்99 கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியில் இருக்கிறது.

குழந்தைகள் தட்டச்சில் செய்யும் இரண்டு பிழைகளைக் கவனியுங்கள். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடிப்பது ஒன்று. 'கௌ' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள'வும் அடிப்பது இன்னொன்று. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். தேடினால் கிடைக்காது, பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் தவறாகப் படிக்கும்.

பிழைதிருத்தியை மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?

ஐந்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேல், எழுதி முடித்து ஒருமுறை தானே வாசித்துத் திருத்திய பிறகு கொடுக்கலாம். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பொருளைப் பொறுத்தது. 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இரண்டும் சரி, இரண்டும் வேறு. முதலாவதில் கேட்பது வேலை, இரண்டாவதில் கேட்பது முருகன் கையிலுள்ள வேல். எதைச் சொல்ல வந்தாய் என்று மாணவரிடம்தான் கேட்க முடியும்.

வாசிக்கக் கதைகள் இலவசமாக எங்கே கிடைக்கும்?

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இருக்கின்றன. தரவிறக்கலாம், அச்சிடலாம், நீங்களே மொழிபெயர்த்தும் போடலாம். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை கலந்திருப்பதால், குழந்தையிடம் கொடுக்குமுன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தில் குழந்தையும் இடறும்.

அச்சில் வேண்டுமானால், பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் கொண்டுவந்த சிறு புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை. படமும் எழுத்தளவும் நன்றாக அமைந்தவை. அவற்றைத் திரையில் காட்டுவதைவிடக் கையில் கொடுப்பது மேல்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் விக்கிமூலத்திலும் பழைய சிறுவர் நூல்கள் கிடைக்கும். ஆனால் 1978க்கு முன் அச்சான நூல்களின் படிமங்களைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். எழுத்துச் சீர்திருத்த ஆணை வருமுன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. எட்டாம் வகுப்பில் காட்டினால் அதுவே ஒரு அருமையான பாடம். இரண்டாம் வகுப்பில் குழப்பம்தான் மிஞ்சும்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வாசிப்புப் பத்திகள் தயாரிக்கலாமா?

செய்து பார்த்தேன். எனக்குத் தேவைப்பட்டது, நடத்தி முடித்த எழுத்துகளை மட்டும் கொண்ட பத்தி. ட, ப, ம, ர, த, புள்ளி, துணைக்கால் ஆகியவற்றோடு நிறுத்து என்று சொன்னேன். மரம், படம், பட்டம், பாதம் வரை சரியாக வந்தது. அடுத்த வரியிலேயே 'பட்டம் பறந்தது'. றகரத்தை நாங்கள் தொடவே இல்லை. இந்தக் கட்டுப்பாட்டை அது அடிக்கடி மீறுகிறது, எழுத்தெழுத்தாகச் சரிபார்க்காமல் கொடுக்கக் கூடாது.

நடையிலும் கவனம் வேண்டும். 'அவன் மிகவும் மகிழ்ச்சியாக உணர்ந்தான்' என்று எந்தப் பாட்டியும் கதை சொன்னதில்லை. 'அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை' என்பாள். முதன்முதலாக வாசிக்கும் குழந்தையின் காதில் விழ வேண்டியது பாட்டியின் தமிழ். பத்து வரி எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. சரிபார்க்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டினால் வாசிப்பு வருமா?

வரும், ஓரளவு எழுத்து தெரிந்தவர்களுக்கு. பாடும் மொழியிலேயே வரிகளைத் திரையில் காட்டும் யோசனை, 1996இல் அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி முன்வைத்தது. 1999இல் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் தொலைக்காட்சிக்கு வந்தது. பாட்டு ஏற்கெனவே வாயில் இருப்பதால், கண் எழுத்தைத் தேடிப்போகும். பாடும் சொல் நிறம் மாறும்படி வரி ஓடினால் நல்லது. வாரத்துக்கு ஒரு பாட்டு, மூன்று முறை. கடைசி முறை ஒலியை நிறுத்திவிட்டு வரியை மட்டும் ஓட்டி, குழந்தைகளைப் பாடவிடுங்கள்.

வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகள் வகுப்பில் இருக்கிறார்கள். என்ன செய்வது?

ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம். திருப்பூரில் இந்தி, ஒடியா. ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். முதலில் குழந்தையின் மொழியில் கேட்கட்டும், பிறகு தமிழில். அம்மாவையோ அப்பாவையோ பள்ளிக்கு அழைத்து, அந்தக் கதையை அவர்கள் குரலில் பதிந்துகொள்ளுங்கள். கதை தெரிந்துவிட்டால் மொழி பின்னால் வந்து சேரும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு?

திரைவாசிப்பான்கள் இன்று தமிழை நன்றாகவே வாசிக்கின்றன, உரை யூனிகோடில் இருந்தால். பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாளைக் கொடுத்தால், கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்; அப்படியேதான் வாசித்துக் காட்டும். உங்கள் பள்ளியில் யாராவது இன்னும் பழைய எழுத்துருவில் தாள் தயாரித்தால், இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். ஒரு மாணவர் தானே வாசிப்பதற்கும், ஒருவர் வாசித்துக்காட்டக் காத்திருப்பதற்கும் உள்ள தூரம் அது.

மதிப்பீட்டைச் செயலியில் பதிவதிலேயே பாடவேளை போய்விடுகிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. மதிப்பீட்டை வைத்துக் குழந்தைகளின் நிலையை அறிந்து குழுவாகப் பிரிப்பது நல்ல யோசனை, எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் செயலி திறக்காமல் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு முற்பகலில், முப்பது குழந்தைகளும் என் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று ஒருவர் வாசிப்பதையும் நான் கேட்கவில்லை. ஆசிரியரின் கண்ணைக் குழந்தையிடமிருந்து பிடுங்கும் எந்தக் கருவியும், அதன் நோக்கம் எதுவாக இருந்தாலும், வாசிப்பைக் கெடுக்கிறது. வகுப்பில் நோட்டில் குறித்துக்கொண்டு, பள்ளி விட்ட பின் பதியுங்கள். இணையம் இல்லாமலேயே பதிந்து பிறகு அனுப்பும் வசதியை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருங்கள். நான் கேட்கிறேன்.

சுவீடனிலேயே டேப்லெட்டை விட்டுவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்களாமே?

2023இல் சுவீடன் அரசு பள்ளிகளுக்கு அச்சுப் பாடநூல் வாங்க 68.5 கோடி குரோனா ஒதுக்கியது உண்மை. நான்காம் வகுப்பு வாசிப்புக்கான பன்னாட்டுத் தேர்வில் அவர்கள் மதிப்பெண் 2016இல் 555, 2021இல் 544. ஆனால் அங்கே கோளாறு, பாடநூலையே எடுத்துவிட்டுத் திரையை வைத்ததில். நம் அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் பாடநூல் இலவசமாக வருகிறது, 2018 முதல் அதில் பாடக் காணொலிக்கு இட்டுச்செல்லும் விரைவுத் துலங்கல் குறியீடும் (க்யூஆர் கோடு) இருக்கிறது. புத்தகம் குழந்தையின் கையில், காணொலி ஆசிரியரின் போனில். அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குழந்தைகளின் குரல் பதிவுகளை என்ன செய்வது? வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

போடாதீர்கள், பாராட்டுவதற்காகக்கூட. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தடுமாறி வாசிக்கும் ஒரு குழந்தையின் குரல் ஊர் கேட்பதற்கானது அல்ல. ஜூன் மாதமே பெற்றோரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்வேன். பதிவுகள் என் போனில் குழந்தை வாரியாக ஒரு கோப்புறையில் இருக்கும். மார்ச் மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு அம்மாவையும் தனியாக உட்காரவைத்து, முதலில் ஜூன் பதிவைப் போடுவேன், பிறகு மார்ச் பதிவை. சென்ற ஆண்டு ஒரு அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, இரண்டாவதை மறுபடி போடச் சொன்னார். பிறகு அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டு என்னிடம் இருந்ததை அழித்தேன்.